பசுமைக் கொள்முதல்: வேறு சொல் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

> உள்ளாட்சிகள் சூழலைக் கெடுக்காத பொருளாகப் பார்த்து வாங்குவதை 'பசுமைக் கொள்முதல்' என்றே சொல்லலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். என்னவென்று புரியும்? எங்கள் டெல்டாப் பக்கம் கொள்முதல் என்றாலே நெல் கொள்முதல் நிலையம். முன்னால் பசுமையைச் சேர்த்தால், இனி ஈரநெல்லையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்பார்கள். அது போகட்டும். யூரியாவும் பூச்சிமருந்தும் கொட்டியதற்கும் பசுமைப் புரட்சி என்றுதானே பெயர்? ஜெர்மன்காரர்கள் நிறத்தை விட்டுவிட்டு 'சூழலுக்கு இணக்கமான கொள்முதல்' என்கிறார்கள். அது தேவலை.

இலங்கையில் கொள்முதலுக்குப் 'பெறுகை' என்ற சொல் அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது. சின்ன, அழகான சொல். ஆனால் இங்கே நகராட்சி அலுவலகத்தில் கொள்முதலை அசைக்க முடியாது.

> வளங்காப்புக் கொள்முதல்?

நேற்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "யாருக்கு வளைகாப்பு?" என்று அடுக்களையிலிருந்து கேள்வி வந்தது. விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை, சூழல்காப்புக் கொள்முதல். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் வைத்துப் பாருங்கள்: "தெருவிளக்குகள் சூழல்காப்புக் கொள்முதல் முறையில் வாங்கப்படும்." உறுத்தவில்லை.

இதைவிட அவசரமாக இன்னொரு சொல் வேண்டும். அதே தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே என்று முடித்தால் மலிவான விளக்குதான் வரும். அது குடிக்கும் மின்சாரம், பழுது, ஒவ்வொரு முறையும் கம்பத்தில் ஏறும் ஆளுக்குக் கூலி, கடைசியில் கழித்துக்கட்டும் செலவு, எதுவும் ஒப்பீட்டில் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 பொதுக் கொள்முதல் நெறியாணையில் 68-ஆம் பிரிவு இவற்றையெல்லாம் விலையோடு கூட்டிப் பார்க்க வழி வைத்திருக்கிறது; அங்குள்ள உள்ளாட்சிகளுக்கும் அது பொருந்தும்.

இந்தக் கூட்டுத்தொகையை 'வாழ்க்கைச் சுழற்சிச் செலவு' என்று பெயர்க்கிறார்கள். விளக்குக்கு ஏது வாழ்க்கை? ஆயுள் உண்டு. பல்பு வாங்கும்போது கடைக்காரரிடம் "எத்தனை வருஷம் ஆயுள்?" என்றுதானே கேட்கிறோம். ஆகவே ஆயுட்செலவு. "குறைந்த ஆயுட்செலவு உள்ள ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படும்" என்று எழுதினால் எழுத்தருக்கும் புரியும், ஒப்பந்ததாரருக்கும் புரியும்.

ஆயுட்காப்பீடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். வரட்டுமே, 'ட்' போட்டு எழுதவாவது மறக்காது.