புதுப்பிப்பு: காப்பகங்களை நேரில் பார்த்த பிறகு

ஐந்து மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விடுவதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முன்கூட்டிச் சொல்லாமல், அதுவும் குழந்தைகள் உறங்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள் என்று பலர் சொன்னதை அப்படியே செய்தேன்.

முதல் காப்பகத்தின் வரவேற்பறை பளிச்சென்று இருந்தது. உறங்கும் அறையிலோ, ஒரு வயது நிரம்பாத 7 குழந்தைகளுக்கு ஒரே ஒரு பணியாளர்தான் இருந்தார். ஒரு குழந்தை குப்புறக் கிடக்க, அதன் கன்னத்தை ஒட்டித் தலையணை ஒன்று கிடந்தது. இந்த வயதில் 3 குழந்தைகளுக்கு ஒருவர் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. மல்லாக்கப் படுக்க வைப்பதும், மெத்தை தட்டையாகவும் உறுதியாகவும் இருப்பதும், தலையணையோ பொம்மையோ அருகில் இல்லாதிருப்பதும் உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தின் ஆபத்தைக் குறைக்கின்றன என்பதால், உரிமச் சான்றிதழைக்கூடக் கேட்காமல் திரும்பினேன். அந்தத் தலையணையை எடுக்கச் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாவது இடம் பழைய கட்டடம். ஆனால் டயப்பர் மாற்றிய ஆயா, மேசையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அடுத்த குழந்தையைத் தூக்கினார். பால் புட்டிகளைக் கழுவ வேறு தொட்டி இருந்தது. குழந்தையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதை எழுதி வாங்கினார்கள். அந்த ஆயா 6 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறாராம். எனக்கு அதுவே பெரிய நம்பிக்கையைத் தந்தது. திங்கட்கிழமை முதல் அரை நாள் விடுகிறோம்.