புதுப்பிப்பு: சுரைப் பிஞ்சுகள் வெம்பி உதிர்வது நின்றது

ஆடிப் பட்டத்தில் எங்கள் குடியிருப்பின் பொதுக் காய்கறித் தோட்டத்தில் விதைத்த சுரைக்கொடியில், பிஞ்சுகள் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்வதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பழ ஈயாக இருக்கலாம் என்ற கருத்தின்படி வேப்பெண்ணெய்க் கரைசலை இரு வாரங்கள் தெளித்தும் உதிர்வு குறையவில்லை. அறுத்துப் பார்த்த பிஞ்சுகளில் புழுவும் இல்லை. பலன் தந்தது கையால் மகரந்தம் சேர்க்கச் சொன்ன யோசனைதான். ஆனால், பூசணிக்குச் செய்வதுபோல் காலையில் செய்ததால் முதல் 5 நாள்கள் வீணாயின. பூசணிப் பூ விடியலில் மலரும்; சுரையின் வெள்ளைப் பூவோ மாலையில் மலர்ந்து மறுநாள் காலையில் வாடத் தொடங்கிவிடும் என்பதை, மாலை 6 மணிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பிள்ளைகள்தாம் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் மாலையிலேயே ஆண் பூவின் இதழ்களை அகற்றி, அடியில் குட்டிக் காயுடன் இருக்கும் பெண் பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் அவர்களே மென்மையாகத் தடவினார்கள். 11 பூக்களில் 8 காய்த்தன. முதல் காயை 13-ஆம் நாள் பறித்து, எல்லோருமாகக் கூட்டு வைத்து உண்டோம்.

கொடியின் நுனியைக் கிள்ளச் சொன்னதும் சரியே. பக்கக் கிளைகளில் பெண் பூக்கள் கூடுதலாக வருகின்றன.