வெப்காமிக்: தமிழ் வசனம் உடையுது, பலூனும் பத்தலை

பாலக்கோடு_பென்சில்:
அதியமான், ஔவையார் கதையை மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற வெப்காமிக்கா போடப்போறேன். முதல் காட்சி தொண்டைமானோட ஆயுதசாலை. டேப்லெட்ல வசனம் அடிச்சா "கொடு"வில் கொம்பு 'க'வுக்குப் பின்னாடி போய் நிக்குது. வசன பலூனுக்குள்ள எழுத்தும் அடங்க மாட்டேங்குது. என்ன அளவுல வரையணும், எங்க போடணும்?

கொம்புக்கால்:
தப்பு எழுத்துருவில் இல்லைங்க. கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கிறது மென்பொருளோட வேலை. பல வரையும் ஆப்களுக்கு அது தெரியாது. வசனத்தை மட்டும் இங்க்ஸ்கேப்ங்கிற வரைகலை மென்பொருளில் அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்துப் படத்து மேல ஒட்டுங்க. இலவசம்தான். பழைய போட்டோஷாப்னா டைப் அமைப்பில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' தேர்ந்தெடுத்துட்டு, புதுக் கோப்பு திறக்கணும். ஏற்கெனவே திறந்திருக்கிற கோப்பு மாறாது.

எழுத்துருன்னா பேச்சுக்கு கவிவனார், கத்தலுக்கு பலூ தம்பி. ரெண்டுமே திறந்த உரிமம், பின்னாடி புத்தகமா வித்தாலும் சிக்கல் இல்லை. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு பாமினி வேண்டாம். படத்துல ஒழுங்காத்தான் தெரியும், அதே வசனத்தை அத்தியாய விவரத்துல ஒட்டினா குப்பையா வரும்.

கிருஷ்ணகிரி_மை:
1600 பிக்சல் அகலத்துல வரைஞ்சு 800க்குச் சுருக்குங்க. 800ல எழுத்து 32 பிக்சலுக்குக் கீழ போனா போன்ல கண்ணை இடுக்கணும். மேல 'கி'யோட விசிறி, கீழ 'ழு', 'கூ' வளைவு எல்லாம் இருக்கு, அதனால வரி இடைவெளி 1.4 மடங்கு வேணும்.

பலூன் பத்தாததுக்குக் காரணம் வரிசை தப்பு. வசனத்தை முதல்ல வெச்சு, அதைச் சுத்தி பலூன் போட்டு, மிச்ச இடத்துல ஆளை வரையணும். "போர்க்களத்துக்குப் போறவனுக்கு" மாதிரி ஒரு சொல்லே ஒரு வரி. நடுவுல உடைச்சா படிக்க முடியாது. பலூனுக்கு 12 சொல் போதும், மீதிக்கு இன்னொரு பலூன்.

உங்க காட்சி புறநானூறு 95 தானே? தொண்டைமான் வேல் எல்லாம் அழகா இருக்கு, அதியமான் வேல் போர்ல முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு ஔவை குத்திக் காட்டுற பாட்டு. இந்த வடிவத்துக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. மயில் பீலி கட்டி, நெய் பூசின வேல்களை, 800 அகலக் கணக்குல, 3000 பிக்சல் உயரத்துக்கு ஒரே படமா இறக்குங்க, ஔவை பேச்சு பக்கத்துல துண்டு துண்டா வரட்டும். போன்ல ஒரு நேரத்துல சுமார் 1700 பிக்சல்தான் தெரியும். கடைசி வசனத்துக்குக் கீழ 1000 பிக்சலாவது வெறும் இருட்டு விடுங்க. அதுக்கப்புறம் கொல்லன் பட்டறை, நுனி முறிஞ்ச ஒரே ஒரு வேல். இடைவெளியைக் குறைச்சா அவங்க பேசி முடிக்கும் முன்னயே குட்டு உடைஞ்சிடும்.

கொம்புக்கால்:
யார் வேணாலும் காமிக் ஏத்தக்கூடிய வெப்டூன் கான்வாஸ் தளம்னா ஒவ்வொரு துண்டும் 800 அகலம், 1280 உயரத்துக்குள்ள. வெட்டு கட்டங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில விழணும், முகத்துல விழுந்தா சில போன்ல கோடு தெரியும். அங்க தமிழுக்குத் தனிப் பிரிவு கிடையாது, வாசகர் தானா வரமாட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல 1080க்கு 1350 பக்கங்களா தனியா அடுக்கணும், வாசகர் பக்கவாட்டுல தள்ளிப் படிப்பாங்க. நீளப் படத்தை அப்படியே நறுக்கிப் போட்டா அந்த இருட்டு இடைவெளி வெறும் கறுப்புப் பக்கமா நிக்கும்.

நாலு அத்தியாயம் கையில முடிச்சு வெச்சுட்டுத்தான் முதல் அத்தியாயம் போடணும். வாரத்துக்கு 40 கட்டம்னு அறிவிக்காதீங்க. தனியாளுக்கு ரெண்டு வாரத்துக்கு 20 தாங்கும்.

பாலக்கோடு_பென்சில்:
நன்றிங்க. அதியமான் சாவுக் காட்சியை மூணடுக்கு நடுகல் மாதிரி வைக்கலாமா?

கிருஷ்ணகிரி_மை:
வைக்கலாம். ஆனா அந்தக் கல்லுல கீழ் அடுக்குல சண்டை, மேல போகப்போக வீரன் சொர்க்கம் போறான். நீங்க இறக்கிப் படிக்க வைக்கிறீங்க, அடுக்கைக் கவுத்துப் போடாட்டி செத்தவன் எழுந்து சண்டைக்கு வருவான்.