மாலைமாற்று நிரல்: விகடகவிக்குச் சரி, மோரு போருமோவுக்குத் தப்பு. ஏன்?

மஞ்சக்குப்பம் மாணவி:
வணக்கம். கடலூர்ல மூணாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு சொல்லோட எழுத்துகளைக் கலைச்சு அடுக்கினா மாலைமாற்று (முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே மாதிரி படிக்கிறது) வருமான்னு பார்க்கிற பைத்தான் நிரல். வழக்கமான வழிதான்: இடைவெளியை நீக்கிட்டு எது எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். ஒற்றைப்படைத் தடவை வர்றது ஒன்றுக்கு மேல இருந்தா ஃபால்ஸ். விகடகவி, தேரு வருதே ரெண்டுக்கும் ட்ரூ. சம்பந்தர் சீர்காழிக்குப் பாடின மாலைமாற்றுப் பதிகத்தோட முதல் பாட்டுக்கும் ட்ரூ. ஆனா "மோரு போருமோ"வுக்கு ஃபால்ஸ்! அதைக் கலைக்கவே வேண்டாமே, அப்படியே மாலைமாற்றுதானே? திங்கட்கிழமை லேப்ல காட்டணும்.

வில்லியனூர்வாசி:
இடைவெளியை எடுக்க, எழுத்தா இல்லையான்னு பார்க்கிற இஸ்ஆல்ஃபா போட்டு வடிகட்டுங்க. எனக்கு ட்ரூ வருது.

மஞ்சக்குப்பம் மாணவி:
வந்துடுச்சு! நன்றி அண்ணா.

முத்தியால்பேட்டை:
கொஞ்சம் பொறும்மா. "பாபு"ன்னு கொடுத்துப் பாரு.

மஞ்சக்குப்பம் மாணவி:
ஐயோ, அதுக்கும் ட்ரூ. பா வேற, பு வேற ஆச்சே?

முத்தியால்பேட்டை:
கால், கொம்பு, புள்ளி எதையும் இஸ்ஆல்ஃபா எழுத்தா மதிக்காது, வழிச்சுப் போட்டுடும். பாபு வெறும் "பப" ஆயிடுச்சு.

உன் பழைய நிரல்ல கோளாறு வேற. பைத்தான் எண்றது எழுத்தை இல்லை, கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் குறியீட்டை. போ அதுக்கு ரெண்டு: ப ஒண்ணு, ஓகாரக் குறி ஒண்ணு. மோரு போருமோவுல ஓகாரக் குறி 3, ப 1. ஒற்றைப்படை ரெண்டாச்சு, ஃபால்ஸ். நடு எழுத்துல கால், கொம்பு மாதிரி குறி இருந்தாதான் மாலைமாற்று இப்படி மாட்டும். விகடகவிக்கு நடுவுல வெறும் ட, தேரு வருதேக்கு வெறும் வ. சம்பந்தர் பாட்டுல 28 எழுத்து, நடு எழுத்தே கிடையாது, தப்பிச்சுது.

எதிர்ப்பக்கமும் ஏமாத்தும். "பப்" கொடு (புதுச்சேரிக்காரன் புத்தி அங்கேதானே போகும்), பழைய நிரல் ட்ரூன்னு சொல்லும். ப வேற, ப் வேற.

ஓபன்-தமிழ் நூலகத்துல கெட் லெட்டர்ஸ் இருக்கு, எழுத்தெழுத்தா பிரிச்சுத் தரும். அதை எண்ணு. முன்னாடியே என்எஃப்சி நார்மலைஸ் பண்ணிடு, பிரிஞ்ச குறியை ஒண்ணாச் சேர்த்துடும். சில கோப்புல ஓகாரம் ஏகாரக் குறியும் காலுமா பிரிஞ்சு கிடக்கும்.

வில்லியனூர்வாசி:
என் பதில் தப்பு. மன்னிச்சுக்கோங்க.

மஞ்சக்குப்பம் மாணவி:
இப்போ மோரு போருமோவுக்கு ட்ரூ, பாபுவுக்கும் பப்புக்கும் ஃபால்ஸ். ஆனா டெஸ்ட் கேஸ்ல பப்னு எழுதி மேடம் முன்னாடி நிற்க முடியாது அண்ணா. "காக" போட்டுக்கிறேன், அதுக்கும் பழைய நிரல் ட்ரூதான் சொல்லுது.