பஸ்கா வாரத்தில் இஸ்ரேலியப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு: என்ன சமைக்கலாம்?

தாணே விசாலாட்சி:
எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகத்தைச் சேர்ந்த ஆஜி (பாட்டி) ஒருவர் இருக்கிறார். வீட்டில் மராத்திதான் பேச்சு. இஸ்ரேலிலிருந்து வந்த இரண்டு பெண்கள் இப்போது அவரோடு தங்கியிருக்கிறார்கள்; பள்ளி முடித்த வயது. ஒரு வருடம் இங்குள்ள யூதப் பிள்ளைகளுக்கு எபிரேயப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுப்பார்களாம். நான் வீட்டிலிருந்து டப்பா கொடுப்பவள். சைவச் சமையல் என்பதால் மற்ற நாட்களில் கவலையில்லை, பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு மட்டும் பார்த்துச் செய் என்கிறார் ஆஜி. அந்த எட்டு நாளும் என்ன கொடுப்பது?

இன்னொன்று. இந்தியா வரும் இஸ்ரேலியப் பிள்ளைகள் எல்லாம் ராணுவத்தை முடித்துவிட்டு மணாலி, கோவா என்று சுற்ற வருபவர்கள் என்கிறார் என் கணவர். அப்படியானால் இவர்கள் யார்?

பைகுல்லா சுந்தரம்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வது வேறு கூட்டம், அம்மா. இவர்கள் ராணுவத்துக்குப் போகும் முன் வருபவர்கள். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயதில் கட்டாய ராணுவம். சிலர் அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, தாமாகவே தொண்டுக்குப் போகிறார்கள். அந்த வருடம் ராணுவக் காலத்தில் கழியாது. பெரும்பாலோர் சொந்த நாட்டிலேயே சிற்றூர்ப் பள்ளிகள், சிறுவர் இல்லங்கள் என்று வேலை செய்வார்கள்; சிறு பகுதியினரே வெளிநாட்டு யூதர்களிடம் போகிறார்கள். ஊதியம் கிடையாது. அந்தந்த ஊர்க் குடும்பங்களோடு தங்குவது வழக்கம்.

ஆனால் ஆஜியின் சமூகத்துக்கு இவர்கள் யூத மரபைக் கற்றுக்கொடுப்பது என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொங்கணத்தில் செக்காட்டிப் பிழைத்து, யூத ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்று பெயர் வாங்கியவர்கள். பம்பாயில் 1796இலேயே தொழுகைக்கூடம் கட்டிவிட்டார்கள். இவர்களோடு மண உறவு கொள்ளலாமா என்று இஸ்ரேலின் தலைமை ரபிகள் (யூத மதகுருக்கள்) தயங்கியபோது, 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றமே தலையிட வேண்டியிருந்தது. ஆஜி மலிதா என்ற இனிப்புப் படையல் வைக்கும் நாளில் இந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவலும் தேங்காயும் கலக்கட்டும்.

முலுண்ட் சீனு:
அக்கா, சமையலுக்கு வருகிறேன். கோதுமை கூடாது: சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா எல்லாம் போயிற்று. பலர் மறப்பது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார்ப் பொடியிலும் அது ஒளிந்திருக்கும்.

அரிசியை ஆஜி சாப்பிடுவார். பெனே இஸ்ரேல் வழக்கம் அது. ஐரோப்பிய வழி வந்த குடும்பங்களில் பலர் அந்த வாரம் அரிசி, பருப்பு, கடுகு எதையும் தொடமாட்டார்கள். அப்படியென்றால் இட்லி, ரசம், தாளிதம் வரை கை கட்டிவிடும். இரு பெண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். மதத்தில் பற்றில்லாத வீட்டுப் பெண்ணாக இருந்தால் இந்தப் பேச்சே தேவைப்படாது.

பாத்திரம்தான் பெரிய விஷயம். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் என்றால் உங்கள் அடுப்பில் வெந்ததைச் சாப்பிடமாட்டார். ஆஜியின் சமையலறையில், அவர் பாத்திரத்தில் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு காசு பற்றிப் பேசாதீர்கள், சனி இரவு வரை; அது அவர்கள் ஓய்வுநாள்.

தாணே விசாலாட்சி:
கேட்டுவிட்டேன். ஒருத்தி எதையும் சாப்பிடுகிறாள். இன்னொருத்தியின் பாட்டி போலந்துக்காரர். அரிசி, பருப்பு, கடுகு மூன்றும் இல்லை. சேனையும் மரவள்ளியும் வைத்து மூன்று நாள் ஓட்டலாம். பிறகு?

முலுண்ட் சீனு:
ஜவ்வரிசி இருக்கிறதே! மகாராஷ்டிரத்தில் விரதத்துக்குச் செய்யும் சாபுதானா கிச்சடிதான். வேர்க்கடலையை மட்டும் விட்டுவிடுங்கள், அதிலும் சிலருக்குத் தடை உண்டு. தேங்காய்த்துருவல், பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு போதும். பாக்கெட் ஜவ்வரிசி வாங்கினால் ஆஜியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.