பாறைத்தண்டும் பின்முறிவும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலத்தைத் துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறை மாதிரிகளைக் கையாளும்போது கெடாமல் காப்பதற்குக் 'கருவகச் சேதத் தவிர்ப்பு' என்ற தொடர் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் இரு சொற்களில் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது கருவகம். புவியின் மையத்துக்கும் அணுவின் மையத்துக்கும் கரு என்ற வேர் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. பரவலாகப் புழங்கும் ஓர் அளவில் 47.6 மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள ஒரு கல்லுருளைக்கு அது ஒட்டவில்லை. வாழையின் பட்டைகளை உரித்தபின் உள்ளே எஞ்சுவதைத் தண்டு என்கிறோம். உருவத்தாலும் வெளிவந்த வழியாலும் இதுவும் தண்டே. துளைக்கம்பியோடு குழம்பாமலிருக்கப் 'பாறைத்தண்டு' எனலாம். களத்தில் 'கோர்' (core) என்று சொல்வதை இது மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. அறிக்கையில் எழுதவாவது ஒரு சொல் வேண்டுமே.

இரண்டாவது சேதம். தமிழில் குச்சி முறியும், பானை உடையும், விறகைப் பிளப்போம். நீண்டு உருண்ட பொருளுக்கு உரிய வினை முறிதல். ஆனால் பாறைத்தண்டில் எல்லா முறிவும் ஒன்றல்ல. நிலத்துக்குள்ளேயே பாறையில் இருந்த பிளவு ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி. துளைக்கருவிக்குள் தண்டு வந்து அடங்கும் உட்குழாயைச் சுத்தியலால் தட்டித் தண்டை வெளியே தள்ளும்போதோ பெட்டியை வண்டியில் ஏற்றும்போதோ நேர்ந்த முறிவு அந்தச் செய்தியைக் கெடுப்பது.

எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 1960-களில் டான் டீர் வகுத்த பாறைத் தரக் குறியீட்டையே பார்க்கலாம். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளங்களைக் கூட்டி, அந்தத் தடவை துளைத்த மொத்த நீளத்துக்கு எத்தனை விழுக்காடு என்று காண்பதே அதன் கணக்கு. 150 சென்டிமீட்டர் துளைத்ததில் அத்தகைய துண்டுகள் 117 சென்டிமீட்டர் என்றால் மதிப்பு 78. பாறை 'நன்று' என்ற வகுப்பில் சேரும். அவற்றுள் 18 சென்டிமீட்டர் துண்டு ஒன்று தூக்கும்போது நடுவே முறிந்து, யாரும் கவனிக்காமல் இரண்டு 9 சென்டிமீட்டர் துண்டுகளாகக் கணக்கில் ஏறினால் மதிப்பு 66 ஆகி, அதே பாறை 'நடுத்தரம்' ஆகிவிடும்.

ஆகவே துளைத்தெடுத்த பின் நேரும் இந்த முறிவுக்குப் 'பின்முறிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். முன்பு ஒருவர் சொன்ன 'கைமுறிவு' எலும்பு மருத்துவரிடம்தான் நம்மைக் கொண்டுபோய் விடும். பின்விளைவு, பின்னூட்டம் ஆகியவற்றில் 'பின்' காலத்தைக் குறிப்பதால் முதுகுப்புறம் என்று யாரும் மயங்கமாட்டார்கள். இரு முகங்களையும் பொருத்திப் பார்த்தால் பின்முறிவு பெரும்பாலும் சொரசொரப்பாக, கறையின்றி, இடைவெளி தெரியாமல் சேர்ந்துகொள்ளும். பழைய பிளவின் முகத்தில் இரும்புக்கறையோ களிமண் படிவோ வழவழப்போ இருக்கக்கூடும். பெட்டியில் அடங்குவதற்காக வேண்டுமென்றே முறிப்பதும் பின்முறிவே. முறித்தவுடன் அந்த இடத்தில் அடையாளக்கோடு போட்டுவிட வேண்டும். உட்குழாயை நீளவாக்கில் இரு பாதிகளாகத் திறக்கும்படி அமைத்து, தண்டை அதிராமல் எடுப்பதைப் 'பின்முறிவுத் தடுப்பு' எனலாம்.

ஆனால் காப்பு இதோடு முடிவதில்லை. பரங்கிமலையின் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையை வெயிலில் வைத்தாலும் கவலையில்லை. வீங்கும் களிமண் கலந்த களிப்பாறையோ ஈரம் காய்ந்ததும் ஏடு ஏடாகப் பிரிந்து, பெட்டிக்குள்ளேயே உதிர்ந்துவிடும். அதை எடுத்த உடனே நெகிழித்தாளில் சுற்றி, அலுமினியத் தாள் பொதிந்து, உருகிய மெழுகு பூசுகிறார்கள். இதை முறிவு என்று சொல்ல நா எழவில்லை. 'உலர்சிதைவு' என்று தனியே வைத்து, இரண்டையும் தடுக்கும் பணி முழுவதற்கும் 'பாறைத்தண்டுக் காப்பு' என்று பெயரிடலாம் என்பது என் கருத்து. உலர்சிதைவா, உலருதிர்வா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. களிப்பாறைகளோடு பழகியவர்கள் சொல்லட்டும்.