அத்தை தோட்டம் 12 சென்ட் (குடும்ப வாட்ஸ்அப் குழு)

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். மங்கை அத்தையோட கிணத்துத் தோட்டத்தை நானே எடுத்துக்கலாம்னு இருக்கேன். சென்ட் 4 லட்சம். இப்ப 2 லட்சம் அட்வான்ஸ், மீதி 3 மாசத்துல. அதுக்குள்ள 4 சென்ட் வீதம் 3 மனையா போட்டு வித்துருவேன், ஆளுங்க இருக்காங்க

மங்கை அத்தை: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு எல்லாரும் வர்றீங்கல்ல, அன்னிக்கே பேசிக்கலாம்

அரவிந்த் மச்சான்: கார்த்தி, நீ வாங்குறியா, தரகரா அம்மாவுக்கு வித்துக் குடுக்கிறியா?

கார்த்தி: ரெண்டும்தான் மச்சான்

பெரியப்பா: ரெண்டும்னு ஒண்ணு கிடையாது தம்பி. தரகன்னா அத்தைக்கு நல்ல விலை வாங்கித் தரணும். வாங்குறவன்னா குறைச்சுத்தான் கேப்ப. ஒரே சொத்துல ரெண்டும் செஞ்சா நாளைக்கு யாரும் உன்னை நம்ப மாட்டாங்க. தொழிலே பேச்சு சுத்தத்துலதான் ஓடுது. அதனால முதல்லயே ஒரு தாள்ல எழுது: நான் தரகுத் தொழில் செய்கிறேன், இதை எனக்காக வாங்குகிறேன், மறுபடி விற்கும் எண்ணம் உண்டு, கமிஷன் வாங்க மாட்டேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மங்கை, நீ வேற ஒரு தரகர்கிட்டயும் விலை கேட்டுக்கோ. வெளியாள் சொத்தா இருந்தாலும் கார்த்தி இதையேதான் செய்யணும்

அப்பா: குடும்பத்துக்குள்ள தாள் எதுக்கு அண்ணே

பெரியப்பா: தாள்ல எழுதாமதானே கிணத்துக்குப் போற பாதைத் தகராறு இன்னும் முடியல

மங்கை அத்தை: ஆரம்பிச்சுட்டாங்க

தேவி அக்கா: வேன்ல யார் யார் வர்றீங்க? இன்னிக்குள்ள சொல்லணும்

அப்பா: நாங்க 4

பெரியப்பா: அடுத்தது மனை. 12 சென்ட்னா 5,227 சதுர அடி, சுமார் 486 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்கு உள்ள இருக்கிறதால ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) திட்டப் பதிவு வேணாம். ஆனா மனைப்பிரிவு அங்கீகாரம் வேணும். விவசாய நிலத்தை அங்கீகாரம் இல்லாம துண்டு போட்டு வீட்டுமனைன்னு எழுதினா பதிவுச் சட்டம் 22-அ பிரிவுல சார்பதிவாளர் மறுத்துடுவார். 3 மாசத்துல அங்கீகாரம் வாங்கிடலாம்னு நம்பி கெடு போடாத. பாதைக்கு இடம் விட்டா மூணு மனையும் முழு 4 சென்ட்டா வராது, அந்தக் கணக்கையும் போட்டுக்கோ

கார்த்தி: சரி, அக்ரிமென்ட் போட்டுட்டு 12 சென்ட்டையும் ஒரே ஆளுக்குக் கை மாத்திடறேன். அத்தை நேரா அவருக்கே எழுதிக் குடுத்துட்டா பத்திரச் செலவு ஒரு தடவையோட போயிடும்

தேவி அக்கா: அதுலதான் அத்தை மாட்டுவாங்க. நீ சென்ட் 5 லட்சத்துக்கு வித்தா பத்திரத்துல 60 லட்சம் ஏறும். அத்தை கைக்கு 48 வரும், வருமான வரி கேள்வி 60க்கு வரும். உன் 12 லட்சத்துக்குக் கணக்கே இருக்காது

அரவிந்த் மச்சான்: அம்மா பாத்தீங்களா

தேவி அக்கா: வித்தியாசத்தை ரொக்கமா வாங்கலாம்னும் நினைக்காத. நிலம் விக்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம். அது பணம் வாங்கினவங்களுக்குத்தான். அத்தை, அட்வான்ஸ் 2 லட்சமும் பேங்க் வழியாத்தான்

பெரியப்பா: அக்ரிமென்ட்டை தமிழ்நாட்டுல பதிஞ்சே ஆகணும். பதிஞ்சா வில்லங்கச் சான்றிதழ்ல ஏறும். கெடு தாண்டிட்டாலும் தானா இறங்காது, ரத்துப் பத்திரம் போடணும். அதுக்கு கார்த்தி வந்து கையெழுத்துப் போடணும். அவன் வராட்டி மங்கை வேற யாருக்கும் விக்க முடியாம நிப்பா

கார்த்தி: நான் ஏன் பெரியப்பா வராம இருக்கப் போறேன்

பெரியப்பா: உன்னைச் சொல்லலடா. நடைமுறையைச் சொல்றேன்

தேவி அக்கா: ஒழுங்கா உன் பேர்லயே வாங்குறதுன்னா கணக்கு இது. 48 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆக 4,32,000. மீதிப் பணத்துக்குக் கடன்னா, சுயதொழிலுக்கு பேங்க்ல பெரும்பாலும் 2, 3 வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேப்பாங்க. உனக்கு இன்னும் ஒண்ணுகூட இல்ல. மனையா வெட்டி வித்தா வியாபார வருமானம்னுதான் பெரும்பாலும் பார்ப்பாங்க, 12.5% நீண்டகால லாப வரியை நம்பிக் கணக்குப் போடாத

அப்பா: அப்ப அவன் தொழிலே செய்ய வேணாமா

தேவி அக்கா: செய்யட்டும் சித்தப்பா. முதல் ரெண்டு வருஷம் கமிஷன்ல நிக்கட்டும், ரிட்டர்ன் போடட்டும், அப்புறம் சின்னதா ஒண்ணு வாங்கட்டும். கமிஷனுக்கு ஒரு கணக்கு, சொந்த முதலீட்டுக்கு வேற கணக்கு. அடுத்தவங்க அட்வான்ஸ் உன் கணக்குக்கு வரவே கூடாது கார்த்தி, நேரா விக்கிறவங்களுக்குப் போகணும். பைபாஸ் லேஅவுட்ல வித்துத் தர்றேன்னியே, ரெரா ஏஜென்ட் பதிவு வாங்கியாச்சா?

கார்த்தி: இன்னும் இல்லக்கா

தேவி அக்கா: வாங்காம ஒரு மனையும் காட்டாத. நாளுக்கு 10,000, மனை விலையில 5% வரைக்கும் அபராதம் போகும். வாங்கினா 5 வருஷத்துக்குச் செல்லும்

மங்கை அத்தை: வேனுக்கு நாங்க 3. அரவிந்த் மாமியார் வந்தா 4

பெரியப்பா: முக்கியமானதை விட்டுட்டேன். 2009ல பாகப்பிரிவினை பதிஞ்சோம், ஆனா பட்டா இன்னும் மூணு பேர் பேர்லயும் கூட்டா இருக்கு. உட்பிரிவு பட்டாவுக்கு மனு குடுத்து, சர்வேயர் அளந்து, புலப்படத்துல (சர்வே வரைபடம்) கோடு விழணும். அது முடியாம கார்த்தி இல்ல, எந்த வெளியாளும் நல்ல விலை குடுக்க மாட்டான்

அப்பா: அளந்தா பாதை விஷயம் வரும்

பெரியப்பா: வரட்டும். பாதைக்கு விட வேண்டிய 8 அடி எந்தப் பக்கம்னு பத்திரத்தோட தபசில்ல (சொத்து விவரம்) இல்லையே

அப்பா: எங்க பக்கம் 8 அடி விட முடியாது அண்ணே

மங்கை அத்தை: காதுகுத்து அன்னிக்கு இதைப் பேசாதீங்க, கும்பிடுறேன்

கார்த்தி: அத்தை, தாள் எழுதி அனுப்புறேன். அட்வான்ஸ் அப்புறம் பாத்துக்கலாம். சர்வே மனு யார் குடுக்கிறது?

அரவிந்த் மச்சான்: அம்மா பேர்ல நான் ஆன்லைன்ல போடறேன். 2009 பத்திரத்தை யாராவது ஸ்கேன் பண்ணி அனுப்புங்க

பெரியப்பா: என்கிட்ட நகல்தான் இருக்கு. அசல் தம்பி செல்வம் பீரோவுல

தேவி அக்கா: சித்தப்பா?

தேவி அக்கா: வேன் 11 பேர்னு சொல்லிடறேன்